131 மரம் விழுந்தது, தாளில் 58

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரம் விடிகாலை மூன்றரை மணி. துவாஸ் டார்மெட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், ஒருத்தரும் தூங்கவில்லை. எல்லாரும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறிக்கொண்டிருந்தது. கடைசியாக அம்மா பேசியபோது, "காத்து ஊளையிடுது தம்பி, ஓடு எல்லாம் தடதடங்குது, வைக்கிறேன்" என்றாள். அத்தோடு லைன் போனது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாப் பக்கம், தேக்காவுக்குப் போனோம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தெரிந்த முகம் எதிரில் வந்தால், "சாப்பிட்டியா" என்று யாரும் கேட்கவில்லை. "உங்க ஊருக்கு லைன் கிடைச்சுதா?" என்பதுதான் பேச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் சாய்ந்திருந்த நேரம். டவர் எங்கே வேலை செய்யும்?

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா மகன் பேசினான். சிக்னல் தேடிப் பத்து கிலோமீட்டர் நடந்திருக்கிறான். "மாமா, வீடு இருக்கு. அம்மாச்சி நல்லா இருக்கு. தோப்பு இல்ல." மூன்றே வாக்கியம், அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோரப் பக்கம். எந்தக் கிராமம், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலருடைய வீட்டுக் கூரையும் பறந்திருந்தது. ஒரே வி.ஏ.ஓ. மூன்று கிராமத்தைக் கூடுதல் பொறுப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறந்துவிட்டுத் திட்டினால் எனக்கே தூக்கம் வராது. ஆனால் நடந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புயலுக்கு முந்தைய வேலையை அரசு ஒழுங்காகத்தான் செய்தது. 80,000க்கும் மேற்பட்ட ஜனங்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினே முதல் நாள் பாராட்டினார். உயிரைக் காப்பாற்றுகிற வேலை ஒரு ராத்திரியில் முடிந்துவிடும், டிவியில் தெரியும். விழுந்த மரத்தை எண்ணுகிற வேலை மாதக்கணக்கில் இழுக்கும், அதைப் படம் பிடிக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். எங்களுக்குக் கோளாறு ஆரம்பித்தது அங்கேதான்.

நவம்பர் 29ஆம் தேதி எட்டு நாள் லீவில் போனேன். திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே போகப்போக, பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோனது. எங்கள் தோப்பில் 168 தென்னை. இரண்டு ஏக்கர், இரண்டு சர்வே நம்பர். தாத்தா வைத்தது பாதி, அப்பா வைத்தது பாதி. விழுந்ததெல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்துக் கிடந்தது. நானும் மருமகனும் மீந்த சுண்ணாம்பைக் கரைத்து ஒவ்வொரு மரத்திலும் நம்பர் போட்டுக்கொண்டே போனோம். விழுந்தது 131, நிற்பது 37.

நம்பர் போட்டது என் புத்திசாலித்தனம் இல்லை, தொழில் பழக்கம். சிங்கப்பூரில் நான் சாரம் சூப்பர்வைசர். இங்கே ஒவ்வொரு சாரத்திலும் டேக் தொங்கும். ஏழு நாளைக்குள் ஒரு தடவை ஏறிப் பார்த்துத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பெருமழை, பலத்த காற்று என்று ஏதாவது வந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். சட்டம் அப்படி. லாரியில் உட்கார்ந்தபடியே மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பிடிபட்டதையும் பார்த்திருக்கிறேன். பதினொரு வருஷமாகத் தேதியையும் கையெழுத்தையும் பார்த்துப் பார்த்து, எந்தத் தாளைக் கொடுத்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். பின்னால் எங்களைக் காப்பாற்றியது இந்தக் கெட்ட பழக்கம்தான்.

மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீஸ். பெஞ்சில் முப்பது பேர். என் முறை வந்தது.

"கணக்கெடுத்து மேல அனுப்பியாச்சே தம்பி. உங்க அம்மா பேர்ல 58 மரம்."

"131 விழுந்து கிடக்குது சார். யார் வந்து எண்ணுனா?"

"தலையாரி வந்துட்டுப் போனாரே. இன்னொரு சர்வே நம்பர் பட்டா யார் பேர்ல இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் தோப்பின் சர்வே நம்பரே எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. மாசாமாசம் பணம் அனுப்பினேன், மோட்டார் மாற்றினேன், சொட்டுநீர்க் குழாய் போட்டேன். 1994இல் இறந்துபோன தாத்தா பேரிலேயே ஒரு பட்டா கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது, அரசாங்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பட்டா பழசு என்பதற்காக அந்த நிலத்து மரங்கள் விழாமல் போய்விடுமா? எண்ணிவிட்டு, "பட்டா மாறுதல் நிலுவை" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எண்ணவே இல்லை.

தமிழ்நாடு அரசு அறிவித்த கணக்கு இது: ஒரு தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். பேரிடர் நிதியின் அப்போதைய விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000தான். அதோடு பார்த்தால் இது பெரிய தொகை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெட்டைத் தென்னை ஒன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், காய்க்க ஆரம்பித்தால் அறுபது வருஷம் நிற்கும். அதற்கு விலை 600. வெட்டி ஒதுக்க 500 போதாது என்பதை மிஷின்காரன் வாயைத் திறந்ததுமே தெரிந்துகொண்டோம். அந்த மாதம் ஊரில் வாள்மிஷின் வைத்திருந்தவன்தான் ராஜா.

இதில் ஒரு பொறி இருக்கிறது, வெளியூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. விழுந்த தென்னை மட்க ஆரம்பித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும். அப்புறம் நிற்கிற 37 மரத்தின் குருத்தையும் தின்றுவிடும். ஆகையால் சீக்கிரம் அப்புறப்படுத்து என்று வேளாண் துறை சொல்லும், அது சரியும்கூட. அப்புறப்படுத்தினாலோ, எண்ண வருகிறவர், "மரம் எங்கே?" என்பார். கிடந்தாலும் நஷ்டம், எடுத்தாலும் நஷ்டம். நாங்கள் செய்தது: நம்பர் போட்ட ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் படம். பிறகு சர்வே கல்லில் ஆரம்பித்து மோட்டார் ரூம் வழியாக மறு கல்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. அதன்பின்தான் வெட்டினோம், அதுவும் தண்டை மட்டும். தூரை அப்படியே விட்டோம், அதுதான் சாட்சி. படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு போனில் இருந்த அசலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸப் வழியாக வந்த படத்துக்குள் எடுத்த தேதி விவரம் நிற்காது, அனுப்பிய தேதி மட்டுமே அரட்டையில் தெரியும்.

அடுத்த தெருவில் பெரியம்மா முறை ஒருத்தர். குடிசை. கூரை மொத்தமும் போய்விட்டது, மண் சுவர் நின்றது. கணக்கெடுக்க வந்தவர் "பகுதி சேதம்" என்று எழுதினார். அதற்கு 4,100 ரூபாய். முழுச் சேதம் என்றால் 10,000. அடுத்த வாரம் பெய்த மழையில் அந்தச் சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. தாளில் இருந்த சொல் மட்டும் கரையவில்லை. சொல்லில் விளையாடுவது நம் ஊர் அதிகாரிகளுக்கு மட்டும் கைவந்த கலை என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பரில் இதே சிங்கப்பூரில், ஆர்ச்சர்ட் ரோட்டு லியாட் டவர்ஸ் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பொதுப் பயனீட்டுக் கழகம் அதைத் "தண்ணீர் தேங்கியது" என்றுதான் சொன்னது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்று பிறகு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். பெரியம்மாவுக்கு அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை.

திரும்பி வந்ததும் டார்மெட்டரியில் பணம் திரட்டினோம். உண்டியலோடு சிராங்கூன் ரோட்டில் நிற்கலாம் என்று ஒரு தம்பி துள்ளினான். நல்லவேளை, மேஸ்திரி அண்ணன் தடுத்தார். வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க இங்கே அறநிறுவன ஆணையரின் பெர்மிட் வேண்டும், தெருவில் வசூலிக்கப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவன் இதில் மாட்டினால் அடுத்த பிளைட்டில் ஊர். எங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டு தார்ப்பாய் வாங்கச் சொல்லி அனுப்பினோம். அந்தத் தார்ப்பாய்கள் மெயின் ரோட்டு ஊரைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிட்டன. அது வேறு கதை.

ஜனவரியில் அம்மா கணக்கில் 63,800 ரூபாய் ஏறியது. 58 மரத்துக்குச் சரி. மீதி 73 மரத்துக்கு 80,300 ரூபாய் எங்கே?

அந்த நேரத்தில் தமிழ் முரசிலும் போனிலும் படித்ததெல்லாம் கோடிகள். மாநிலம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி. மத்திய அரசு முதலில் 353.70 கோடி தந்தது, பிறகு டிசம்பர் 31இல் 1,146.12 கோடி அறிவித்தது. மேலே அவர்கள் மாறி மாறி விரல் நீட்டிக்கொண்டிருந்ததால், கீழே யாரைக் கேட்டாலும், "பணம் வரல தம்பி" என்ற ஒரு பதில் கைவசம் இருந்தது. எங்கள் விஷயத்தில் பணம் வராததா பிரச்சினை? கணக்கே போகவில்லை. போகாத கணக்குக்கு டில்லி என்ன, கோட்டையில் இருக்கிறவர்தான் எப்படிப் பணம் தருவார்? இது உறைக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

பிப்ரவரியில் அக்காவை விட்டு, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்கச் சொன்னேன். நான் எழுதி அனுப்பிய மனு மூன்று பக்கம். புயல், அம்மாவின் முட்டிவலி, தாத்தா பட்டா, குடிசை, ரோடு எல்லாம் அதில் இருந்தது. ஒரு மாதத்தில் பதில் வந்தது: "மனுதாரருக்கு நிவாரணம் வழங்கப்பட்டுள்ளது. மனு முடிக்கப்பட்டது." பொய்யும் இல்லை. நிவாரணம் வழங்கப்பட்டுத்தானே இருக்கிறது! பத்து விஷயம் கேட்டால் அதில் சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஒரு மனுவில் ஒரே கேள்வி, அதுவும் ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வி வேண்டும் என்பதை அந்த ஒரு வரிப் பதில்தான் கற்றுக்கொடுத்தது. மனு ரசீது நம்பரை மட்டும் அக்கா பத்திரமாக வைத்திருந்தது, அது பின்னால் உதவியது.

ஏப்ரலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இறங்கினோம். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. வெள்ளைத் தாள், பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசம், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒப்புகை அட்டையோடு அப்போதிருந்த பதிவுத் தபால். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரிலிருந்தே அனுப்பலாமா என்று நானும் முட்டிப் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான மின்னணு போஸ்டல் ஆர்டர் மத்திய அரசு அலுவலகங்களுக்குத்தான் செல்லும். ஆகவே அம்மா பேரிலேயே போட்டோம். என்னோடு வேலை பார்த்து, பிறகு சிங்கப்பூர் சிட்டிசன் ஆகிவிட்ட நண்பர் ஒருத்தருக்கும் இதே சிக்கல். அவரால் மனுப் போடவே முடியாது, அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அவருடைய தம்பி போட்டார்.

முதலில் நான் எழுதிய கேள்வி, "எங்கள் 73 மரத்துக்கு ஏன் நிவாரணம் தரவில்லை?" என்பது. ஊரில் ரிட்டையரான தலைமை எழுத்தர் ஒருத்தர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இந்தச் சட்டத்துல ஏன்னு கேட்டா பதில் வராது. கையில இருக்குற காகிதத்தைக் கேளு. யார் வந்தா, எந்தத் தேதி, எந்தப் படிவம், எத்தனைன்னு எழுதுனாங்க, அந்தத் தாளோட நகல் குடுன்னு கேளு." அவர் சொன்னபடி நாலே வரியில் எழுதினோம். உங்களுக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும் என்றால், அந்தப் பெரியவர் சொன்னதாக இருக்கட்டும்.

வேளாண் துறையைக் கேட்டால் வருவாய்த் துறை என்பார்கள், வருவாய்த் துறையைக் கேட்டால் வேளாண் துறை என்பார்கள். கணக்கெடுப்பில் இரண்டு துறைக்கும் கை இருந்ததால் இது அவர்களுக்கு வசதி. தகவல் சட்டத்தில் அந்தப் பந்தாட்டம் நடக்காது. தன்னிடம் இல்லாத தகவல் என்றால் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்களுக்கு 30 நாளில் வரவில்லை. ஜூனில் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு போட்டோம். ஜூலைக் கடைசியில் தடித்த கவர் ஒன்று வந்தது. மருமகன் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். இரவு டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்க்கிறேன்.

படிவம் ஒரே பக்கம். அம்மா பேர், ஒரு சர்வே நம்பர், 58 மரம். கீழே இடது மூலையில், பேனா மை கொஞ்சம் கசிந்து, "புலத்தணிக்கை செய்யப்பட்ட நாள்: 21.11.2018."

21ஆம் தேதியா?

வாட்ஸப்பில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். நவம்பர் 22, மாலை 5.40. மருமகன் அனுப்பிய படம்: எங்கள் தோப்புக்குப் போகிற ஒரே பாதையில், பிள்ளையார் கோயில் முக்கில் நின்ற பெரிய புளியமரம் குறுக்கே கிடக்கிறது. மேலே ஏறி நான்கு பையன்கள் நிற்கிறார்கள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, இன்னும் ஒருத்தரும் உள்ள வரல. ஜேசிபி நாளன்னைக்குத்தான் வருமாம்." 24ஆம் தேதிதான் அந்த மரத்தை அறுத்து எடுத்தார்கள். அப்படியானால் 21ஆம் தேதி தோப்புக்குள் வந்து 58 எண்ணியது யார்? ரோட்டில் நின்றபடி முன்பக்க வரிசைகளை மட்டும் எண்ணியிருக்க வேண்டும். பிறகு ஊருக்குப் போனபோது நானே அந்த இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். முள்வேலிக்கு வெளியே இருந்து தெரிகிற தூர்கள் அறுபதுக்குள்தான்.

ஆகஸ்ட்டில் அக்கா மறுபடி குறைதீர் நாளுக்குப் போனது. இந்தத் தடவை மனு ஐந்து வரி. படிவ நகல் ஒரு பக்கம், புளியமரப் படம் மறுபக்கம், பழைய மனு ரசீது. "21.11.2018 அன்று இந்த நிலத்துக்குள் செல்ல வழி இல்லை என்பதால் மறு புலத்தணிக்கை வேண்டும்." அந்த அதிகாரி இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். ஓரத்தில் பச்சை மையில் ஏதோ எழுதினாராம். யாரையும் திட்டச் சொல்லியோ சஸ்பெண்ட் செய்யச் சொல்லியோ நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாரும் ஒன்றுகூடி அந்த ஒரு ஆளைக் காப்பாற்ற நின்றிருப்பார்கள், எங்கள் மரம் எண்ணப்படாமலே போயிருக்கும். இது கோழைத்தனம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம். மேலே இருந்து நெருக்கியதால் ரோட்டோரம் நின்று எண்ணிய தலையாரி மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு மேல்கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் மீது இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

இதற்கிடையே தாத்தா பட்டாவையும் சரி செய்தோம். வாரிசுச் சான்று, அத்தையின் சம்மதம், எல்லாம் இருந்தும் என் கையெழுத்து பாக்கி. கிரேஞ்ச் ரோட்டில் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்கு அட்டெஸ்ட் வாங்கி அனுப்பினேன். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பீரோவில் வைத்து மறந்தால் செலவு கூடும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் புயல் வரட்டும் என்று காத்திராமல் அடுத்த லீவிலேயே சிட்டாவை எடுத்துப் பாருங்கள். அப்படியே ஊர் பேங்குக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். என் கணக்கு எட்டு வருஷமாக அசைவற்றுக் கிடந்தது. நிவாரணம் என் பேரில் வந்திருந்தால் அதற்கு இன்னொரு ஆறு மாதம் ஆகியிருக்கும்.

செப்டம்பரில் மறு தணிக்கைக்கு வந்தார்கள். தூர் இருக்கிற இடமெல்லாம் ஒப்புக்கொண்டார்கள், 61. வாய்க்காலோரம் நின்ற 12 மரத்தின் தூர்களை அம்மா ஆள் வைத்துப் பெயர்த்துவிட்டிருந்தாள், தண்ணீர் அடைக்கிறது என்று. படம் காட்டினோம், "தூர் இல்லாம எழுத முடியாதும்மா" என்றார்கள். சரி, விட்டோம். 2020 பிப்ரவரியில் 67,100 ரூபாய் வந்தது. புயலுக்குப் பதினைந்து மாதம் கழித்து.

அதே வருஷம் நவம்பர் 25, நிவர் வந்தது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், புதுச்சேரிப் பக்கம் கரையேறும் என்றார்கள். கொரோனாவுக்காக டார்மெட்டரியை விட்டு நினைத்தபடி வெளியே போக முடியாத காலம், ஊருக்கு எங்கே போவது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசினேன். பின்னால் காற்றுச் சத்தம் லேசாகக் கேட்டது.

"அம்மா, பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். சாயங்காலமே உன் மருமகன் வந்து 37 மரத்துக்கும் புதுசா நம்பர் போட்டுப் படம் எடுத்துட்டுப் போயிடுச்சு. தென்னங்கன்னுங்களுக்கும் போடவான்னு கேட்டுச்சு. அது இடுப்பளவுகூட இல்லடா, எங்க போடுறதுன்னேன். நீ சாப்பிட்டியா?"